ஓரங்களில் கசியும் குளிர்ச்சி

"நகர எல்லையில் இருக்கும் தோட்டப் புறநகர் ஒன்றுக்குப் போனேன். மரங்கள் மூடிய தெருவுக்குள் நுழைந்ததுமே உடம்பு சில்லென்று ஆனது. அங்கே ஆக்ஸிஜன் அதிகம் என்பதாலா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

ஆக்ஸிஜனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாகனங்கள் நெரியும் கடைத்தெருவானாலும் மரத்தடியானாலும் காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 20.9 சதவீதம்தான். இலை வெளியிடுவது உடனே காற்றில் கலந்து பரவிவிடும். நம் நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியும் அளவுக்கு ஓரிடத்தில் தேங்காது. படித்தவர்களும் இந்த நம்பிக்கையை விடாமல் பரப்புவது வருத்தம் தருகிறது, ஏனென்றால் உண்மைக் காரணம் இதைவிடப் பல மடங்கு அழகானது.

நிழலின் பங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. கோடை மதியத்தில் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரி செல்சியஸைத் தொடும். நிழலில் இருக்கும் சாலை அதைவிட 10, 20 டிகிரி குறைவாக இருக்கும். சூடேறிய சாலையும் சுவரும் நம்மீது வீசும் அகச்சிவப்புக் கதிர்கள் குறைந்துவிடுவதால், காற்றின் வெப்பநிலை ஓரிரு டிகிரிதான் இறங்கியிருந்தாலும் உடம்பு அதைப் பெரிய இறக்கமாக உணர்கிறது.

ஆனால் அந்த வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு மேலே நிற்கும் இலை ஏன் தார்ச்சாலைபோலக் கொதிப்பதில்லை? வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக்கி வெளியேற்றுகிறது. நீராவிப்போக்கு என்று பள்ளியில் படித்ததுதான். 1 லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,450 கிலோஜூல் வெப்பம் வேண்டும்; மின்சாரக் கணக்கில் 0.68 யூனிட். நன்கு வளர்ந்த பெரிய மரம், வேருக்குத் தண்ணீர் கிடைத்தால், ஒரு வெயில் நாளில் 100 லிட்டரை ஆவியாக்கக்கூடும். 10 மணி நேரப் பகலுக்கு வகுத்தால் 6.8 கிலோவாட். ஒரு டன் ஏசி இரண்டு சேர்ந்து அகற்றும் வெப்பத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால்தான் தெரு, ஏசி அறைபோல ஆகிவிடுவதில்லை.

இவ்வளவு ஆவியும் வெளியேறும் வாசல்தான் அதிசயம். பல மரங்களில் இலையின் அடிப்பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 முதல் 300 இலைத்துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பு செல்கள். வெளிச்சம் பட்டதும் பொட்டாசியம் அயனிகள் அவற்றுக்குள் சேர்கின்றன. பின்னாலேயே சவ்வூடு பரவல் மூலம் நீரும் நுழைகிறது. செல் உப்பவேண்டும். ஆனால் பீப்பாயைச் சுற்றிய வளையங்கள்போல செல்லுலோஸ் இழைகள் அதைக் குறுக்கே சுற்றிக் கட்டியிருக்கின்றன. பருக்க முடியாத செல் நீளப் பார்க்கிறது. இரு முனைகளிலும் அடுத்த செல்லோடு ஒட்டியிருப்பதால் வில்லாக வெளிப்புறம் வளைகிறது. நடுவே துளை திறக்கிறது, அகலம் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவு.

எல்லாத் துளைகளும் திறந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு, இலைப் பரப்பில் ஓரிரு சதவீதம்தான் தேறும். அப்படியிருந்தும் முழு இலையின் அளவுள்ள திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதில் பாதியை எட்டும் அளவுக்குக்கூட இலை நீரை இழக்கும். எப்படி? பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹொராஸ் பிரவுனும் எஸ்கோம்பும் 1900இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். அசையாத காற்றில் சிறிய துளை வழியே விரவும் ஆவியின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்ததல்ல, விட்டத்தைப் பொறுத்தது. துளையின் நடுவிலிருந்து கிளம்பும் மூலக்கூறு மேல்நோக்கித்தான் போகமுடியும், சுற்றிலும் ஏற்கெனவே ஈரக்காற்று. ஓரத்திலிருந்து கிளம்புவதோ பக்கவாட்டிலும் விசிறிபோல விரிந்து ஓடலாம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பரப்பை 1 மில்லிமீட்டர் துளைகள் நூறாகப் பிரித்து, விட்டத்தைப் போல் 10 மடங்கு இடைவெளி விட்டு வைத்தால், கசிவு பத்து மடங்காகும். பரப்பு மாறவில்லை, ஓரம் பெருகியிருக்கிறது. இலை முழுக்க முழுக்க ஓரங்களால் சுவாசிக்கிறது!

இந்த எந்திரம் நின்றுபோவது பெரும்பாலும் மண்ணால்தான். வேர்ப்பகுதி வறண்டால் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் காப்பு செல்களுக்குச் செய்தியாகி, பொட்டாசியம் வெளியேறித் துளை மூடிக்கொள்கிறது. அதன்பின் மரம் வெறும் குடை. அடிமரம்வரை கான்கிரீட் பூசிய தெருக்களில் இதுதான் நடக்கிறது. மாறாக, லண்டனின் வடக்கே 1907இல் தொடங்கிய ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரில் ஏக்கருக்குச் சராசரியாக 8 வீடுகளுக்கு மேல் கூடாது என்றே வகுத்திருந்தார்கள். சுவர்களுக்குப் பதில் வேலிச்செடி வைத்தார்கள். மழை இறங்க மண் மிஞ்சியது. நட்ட கன்றுகளை எண்ணிக் கணக்குக் காட்டுவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது முதல் மூன்று ஆண்டுத் தண்ணீருக்கும், மண்ணின் ஈரத்தை அளக்கும் ஆய்வுக்கும் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்களே சோதிக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் வெயிலில் உள்ள இலை, சாலை, நிழலில் உள்ள சாலை மூன்றையும் அளந்து பாருங்கள். கருவியில் 12:1 என்றிருந்தால் 120 சென்டிமீட்டர் தூரத்தில் அது 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைக் காட்டும். எனவே இலைக்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அளவு தப்பும். இலைத்துளையைப் பார்க்க, இலையின் அடியில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, 10 நிமிடம் காயவிட்டு, ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்து நுண்ணோக்கியில் 400 மடங்கில் வையுங்கள். இலை முழுதும் சின்னச் சின்ன உதடுகளாகத் தெரியும். மயிரடர்ந்த இலையில் பூச்சு சிக்கிக்கொள்ளும்; வழவழப்பான இலையாகத் தேர்ந்தெடுங்கள்.

போகும் நேரமும் முக்கியம். இரவில் பெரும்பாலான மரங்களின் துளைகள் மூடியிருக்கும், அடர்ந்த கிளைகள் தரையின் வெப்பம் வானுக்குத் தப்புவதையும் தடுக்கும். பொழுது சாய்ந்தபின் திறந்த புல்வெளிதான் சீக்கிரம் குளிரும்.