பொருந்தியது, இணங்கவில்லை

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணினி வலையமைப்பைப் பராமரிக்கிறேன். சென்ற ஆண்டு இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் (ஒளி வழியே தகவல் செல்லும் கண்ணாடி இழை) இழுத்தோம். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான சுவிட்சில், அந்த இழையைப் பூட்டுவதற்காகச் செருகும் விரலளவு கருவியான எஸ்எஃப்பி மாட்யூலுக்கு வந்த விலைப்புள்ளியில் 'மூன்றாம் தரப்பு டிரான்சீவர், கம்பாட்டிபிள்' என்று இருந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் பெரியவர் அதை 'மூன்றாம் தரம்' என்று படித்துவிட்டார். "இவ்வளவு மட்டமான சரக்கா, தம்பி?" என்று கேட்டார். அந்த ஒரு வரியில் இருந்த மூன்று சொற்களும் அன்றுமுதல் என்னை விடவில்லை.

தரப்பு என்றால் பக்கம். 'தரஃப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சுவிட்சைச் செய்தவர் ஒரு தரப்பு, வாங்கியவர் மறு தரப்பு, மாட்யூலை மட்டும் செய்து விற்பவர் மூன்றாமவர். தரத்தைப் பற்றி அந்தச் சொல் ஒன்றுமே கூறவில்லை. 'வேற்று நிறுவன மாட்யூல்' என்று எழுதியிருந்தால் பெரியவருக்குக் குழப்பம் வந்திருக்காது.

டிரான்சீவர் என்பது டிரான்ஸ்மிட்டரின் தலையையும் ரிசீவரின் வாலையும் ஒட்டிய சொல். மின்குறியை ஒளியாக்கி அனுப்பும். வரும் ஒளியை மின்குறியாக்கிக் கொடுக்கும். மைக்கைக் குறிக்கும் 'ஒலிவாங்கி' ஏற்கெனவே நம் நாவில் பழகிய சொல். ஆகவே 'ஒளிச் செலுத்திவாங்கி' என்பதே எனக்குப் பிடிக்கிறது. செலுத்தியும் வாங்கியும் சேர்ந்த உம்மைத்தொகை அது, கொடுக்கல்வாங்கல் போல.

கம்பாட்டிபிள்தான் கடினம். ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கக்கூடியது என்பது அதன் பொருள். அதன் இலத்தீன் வேர் 'கொம்பாட்டி': உடன் நின்று துன்பப்படுதல். தமிழில் 'உடன்படு' என்பதும் உடன், படு என்றுதானே பிரிகிறது! இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியில் நடந்திருப்பதைக் கண்டபோது உண்மையிலேயே சிலிர்த்தது. ஆனால் உடன்பாடு இன்று ஒப்பந்தத்தைக் குறிக்கப் போய்விட்டது. இத்துறையில் அதற்கும் இடம் உண்டு. 2000ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் கூடி, எஸ்எஃப்பியின் அளவு, அதன் 20 மின்முனைகள், அதன் நினைவகத்தில் எந்த விவரம் எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வகுத்துக்கொண்டன. அது உடன்பாடு. யார் செய்த மாட்யூலும் யார் செய்த சுவிட்சிலும் உட்காருவதற்கு அதுவே காரணம்.

அப்படி உட்காருவது பொருத்தம். இழைக்கும் ஒளிக்கும் கூடப் பொருத்தம் பார்க்க வேண்டும். 850 நானோமீட்டர் அலைநீள ஒளியை அனுப்பும் மாட்யூல் 50 மைக்ரோமீட்டர் உள்ளகம் கொண்ட மல்டிமோடு (ஒளி பல பாதைகளில் செல்லும்) இழைக்கு. 1310 நானோமீட்டர் மாட்யூல் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் உள்ளகம் கொண்ட சிங்கிள்மோடு (ஒளி ஒரே பாதையில் செல்லும்) இழைக்கு. இதில் தவறினால் எந்த நிறுவனத்தின் பெயரும் காப்பாற்றாது.

எங்களுக்கு அதெல்லாம் சரியாகவே இருந்தது. மாட்யூல் 'கிளிக்' என்று அமர்ந்தது. ஆனால் இணைப்பு கிடைத்ததைக் காட்டும் விளக்கு எரியவில்லை. ஏற்கப்படாத மாட்யூல் என்று சொல்லி சுவிட்ச் அந்தப் போர்ட்டையே (செருகுவாயையே) மூடிவிட்டது.

மாட்யூலின் நினைவகத்தில் 20 முதல் 35 வரையுள்ள 16 பைட்டுகளில் செய்தவரின் பெயர் இருக்கும். சில சுவிட்சுகள் அந்தப் பெயரையும், உடனிருக்கும் குறிகளையும் படித்து, தம் வீட்டுப் பிள்ளை இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும். ஒளியில் குறையில்லை, இழையில் குறையில்லை. சம்மதம் இல்லை, அவ்வளவுதான். இதைப் 'பொருந்தவில்லை' என்று எழுதுவது பொய். சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். வெட்டுவாயில் குச்சி கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும், துளிர்க்காமல் கருகினால் 'ஒட்டுப் பிடிக்கவில்லை' என்பார்கள்.

ஆகவே கம்பாட்டிபிலிட்டிக்கு 'இணக்கம்' என்பதே சரியான சொல். இணங்குதலில் மனம் இசைவது இருக்கிறது. மறுக்கும் உரிமையும் இருக்கிறது. 'இணக்கமறிந்து இணங்கு' என்பது ஆத்திசூடி.

இணங்காத சுவிட்சை இணங்கவைக்க இரண்டு வழிகள் உண்டு. சுவிட்ச் எதிர்பார்க்கும் விவரங்களை மாட்யூலின் நினைவகத்தில் எழுதித் தருவது ஒன்று. கடைக்காரர்கள் 'கோடிங்' என்பது இதைத்தான். மற்றது, வேற்று மாட்யூலையும் ஏற்கும்படி சுவிட்சுக்கே கட்டளையிடுவது. சிஸ்கோ நிறுவனத்தின் பல சுவிட்சுகளில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஆனால் பின்னர்ப் பழுது வந்தால், சுவிட்ச் நிறுவனத்தார் முதலில் அந்த மாட்யூலைக் கழற்றச் சொல்வார்கள் என்பதை மறக்கக் கூடாது. எங்களுக்குக் கோடிங் செய்த மாட்யூலை மாற்றித் தந்தார்கள், விளக்கு எரிந்தது.

இந்த ஆண்டுக் கொள்முதல் தாளை நானே எழுதினேன்: 'வேற்று நிறுவன ஒளிச் செலுத்திவாங்கி, 1310 நானோமீட்டர், சிங்கிள்மோடு, 10 கிலோமீட்டர். எங்கள் சுவிட்சில் செருகி, இணக்கம் காட்டிய பிறகே பணம்.' பெரியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார்.