கட்டங்களைக் கோட்டால் இணைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளுக்குப் பாய்ச்சற் கோட்டுப்படம் பழக்கமானதுதான். நீள்வட்டத்தில் தொடக்கம், இணைகரத்தில் உள்ளீடு, செவ்வகத்தில் செயல், சாய்சதுரத்தில் கேள்வி. அந்தப் பழக்கத்தோடு, கட்டங்களைக் கோட்டால் இணைத்தே நிரல் எழுத உதவும் நோட்-ரெட் என்ற மென்பொருளைத் திறந்தால் முதலில் சந்தோஷமாக இருக்கும். இடப்பக்கத்தில் கட்டங்கள் அடுக்கியிருக்கும். இழுத்து நடுவில் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்கலாம். பரீட்சைத் தாளில் வரைந்த படம் தானாக ஓடத் தொடங்கிவிட்டது போலத் தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பரீட்சைத் தாளின் அம்புக்குறி "அடுத்து இதைச் செய்" என்கிறது. நோட்-ரெட்டின் கோடு அப்படி எதையும் சொல்வதில்லை. அது தகவல் போகிற பாதை மட்டுமே. அந்தக் காலத்தில் சில தோட்டங்களில் மேல் மலையிலிருந்து பெக்டரிக்குக் கொழுந்து மூட்டையைக் கம்பியில் கொழுவி இறக்குவார்கள். மூட்டை வந்தால் கீழே இருப்பவருக்கு வேலை, வராவிட்டால் சும்மா நிற்பார். மேலே இருப்பவரோ அவருக்காகக் காத்திராமல் அடுத்ததை அனுப்பிவிடுவார். கட்டங்களின் உறவும் இவ்வளவுதான்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் கனடாக் கிளையில் வேலை செய்த ஜே. போல் மொரிசன் 1970களிலேயே இதற்கு வடிவம் கொடுத்தார். நோட்-ரெட்டை அதே நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஓலியரியும் டேவ் கொன்வே-ஜோன்ஸும் 2013இல் உருவாக்கினார்கள். இலவசமாகக் கிடைக்கிறது, ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியிலும் ஓடும்.

சரி, ஹட்டன் பக்கத்துத் தேயிலை பெக்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பறித்த கொழுந்தின் எடையில் 75 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அரைப்பதற்கு முன் அதை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றடித்து வாட்டுவார்கள். மூடுபனி இறங்கிய இரவில் காற்றே நனைந்திருக்கும்; எவ்வளவு அடித்தாலும் கொழுந்து வாடாது. அப்போது சூட்டுக் காற்றைக் கலக்க வேண்டும். எப்போது என்பதைச் சொல்ல இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்று உலர் குமிழ். மற்றதன் குமிழில் ஈரத்திரி சுற்றியிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் திரியிலிருந்து நீர் ஆவியாகி ஈரக்குமிழைக் குளிர்விக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் கூடும். காற்று நனைந்திருந்தால் வித்தியாசம் சுருங்கும்.

இந்த இரண்டு வெப்பமானிகளுக்கும் உரிய உணரிகளிலிருந்து இரண்டு கோடு இழுத்து, கழித்தல் செய்யும் ஒரு கட்டத்தில் சேர்த்தால் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். விடை வராது. இரண்டு கோடு வந்து சேர்ந்தாலும் அந்தக் கட்டம் இரண்டு எண்ணுக்குமாகக் காத்திருக்காது. உலர் குமிழின் எண் வந்ததும் ஒரு முறை வேலை செய்யும். ஈரக்குமிழின் எண் வந்ததும் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் கையில் இருப்பது ஒரே ஒரு எண். எதிலிருந்து எதைக் கழிப்பது?

அதற்கென்றே 'ஜொயின்' என்றொரு கட்டம் உண்டு. ஒவ்வொரு தகவலுக்கும் "உலர்", "ஈரம்" என்று பெயர் ஒட்டி அனுப்பினால், இரண்டும் வரும்வரை வைத்திருந்து ஒரே தகவலாகக் கட்டி வெளியே விடும். அதன் பிறகு புதிதாக ஒன்று வரும் ஒவ்வொரு தடவையும் அனுப்பச் சொல்லியும் வைக்கலாம். வசதிதான், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓர் உணரி செத்துப்போனாலும் அதன் பழைய எண்ணை வைத்தே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே குறிப்பிட்ட நேரம் தகவல் வராவிட்டால் எச்சரிக்கை கொடுக்க 'டிரிகர்' கட்டத்தையும் போடுவது நல்லது. திரி காய்ந்துபோவது இதைவிட மோசம்: இரண்டு வெப்பமானியும் ஒரே எண்ணைக் காட்டும், காற்று முழுக்க நனைந்திருப்பதாக எடுத்துக்கொண்டு சூட்டுக் காற்று விடாமல் வரும்.

அப்புறம் முடிவெடுக்கிற இடம். வித்தியாசம் 3 பாகைக்குக் கீழே போனால் சூட்டுக் காற்றுக் கதவைத் திற, மேலே போனால் மூடு என்று வைத்தால் 2.9, 3.1 என்று எண் தடுமாறும்போதெல்லாம் கதவும் திறந்து திறந்து மூடும். 'சுவிட்ச்' கட்டத்தில் 3க்குக் கீழே என்றால் "திற" என்று ஒரு வாசல், 4க்கு மேலே என்றால் "மூடு" என்று ஒரு வாசல் வைத்தால் போதும். நடுவில் 3.5 வந்தால்? எந்த வாசலுக்கும் பொருந்தாத தகவல் அங்கேயே மறைந்துவிடும், கதவு இருந்தபடி இருக்கும். சாய்சதுரத்தில் வெளியேற வழி இல்லாவிட்டால் ஆசிரியர் புள்ளி வெட்டுவார். இங்கே அதுவே நமக்கு வேண்டியது.

ஒரு கட்டத்திலிருந்து இரண்டு பக்கம் கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பிரதி போகும். எது முந்தும் என்பதை நம்பி எதையும் கட்டக்கூடாது. மேலே 'டிப்ளோய்' பொத்தானை அழுத்தும்வரை திரையில் செய்த மாற்றம் எதுவும் நடைமுறைக்கு வராது.

மழைக்காலத்தில் கரண்ட் போய் வருவதையும் யோசித்துவிடுங்கள். கணினி மறுபடி எழும்போது ஜொயின் வைத்திருந்த எண்கள் போயிருக்கும். புதிய எண்கள் வந்து சேர்ந்தாலும் வித்தியாசம் 3.5 என்றால் எந்தக் கட்டளையும் வெளியே போகாது. கரண்ட் போகும்போது திறந்திருந்த கதவு திறந்தபடியே கிடக்கலாம். அதற்கு, தானாகத் தகவல் அனுப்பும் 'இன்ஜெக்ட்' கட்டத்தில், ஓடத் தொடங்கியதும் ஒரு முறை "மூடு" அனுப்பும்படி குறித்துவிட்டால் போதும்.