அந்தக் கவசத்தில் ஏன் வயிறு மட்டும் தெரிகிறது?

வீடியோ கேம்களுக்குப் பாத்திரங்களை வடிவமைக்கும் வேலையில் உடையைப் பற்றிய வாக்குவாதம் அடிக்கடி வரும். பெண் பாத்திரத்துக்கு எவ்வளவு மூடலாம், எவ்வளவு விடலாம் என்று ஆரம்பித்து, "க்ராடோஸ் மட்டும் சட்டையில்லாமல் வரலாமா?" என்பதில் வந்து நிற்கும். நியாயமான கேள்விதான்.

2005இல் வெளியான காட் ஆஃப் வார் விளையாட்டில் நாயகன் க்ராடோஸ் வெற்று மார்போடுதான் திரிகிறான். அங்கே தெரிவது தசையும் கோபமும். நாமும் இவனாக இருக்கவேண்டும் என்று விளையாடுபவர் ஆசைப்படுவதற்காக வரைந்த உடம்பு அது. பெண் பாத்திரத்தில் அதே அளவு தோல் தெரிந்தால், பெரும்பாலும் விளையாடுபவர் அவளைப் பார்த்து ரசிப்பதற்காக. அதனால் எத்தனை அங்குலம் தெரிகிறது என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. யாருடைய கண்ணுக்காக இந்த உடை என்றுதான் கேட்பேன்.

கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜக் கவசத்தின் முன்பக்கம் புடைத்திருப்பதே விழும் அடியைப் பக்கவாட்டில் வழுக்கி விடுவதற்குத்தான். அதில் மார்பகத்தின் வடிவில் இரண்டு குமிழ் வைத்தால், வாள்முனை நடுநெஞ்சை நோக்கியே சறுக்கும். "இது மாயாஜால உலகம், லாஜிக் எதற்கு?" என்பார்கள். சரி, அந்த மாயம் வீராங்கனையின் திறந்த வயிற்றை மட்டும் காப்பாற்றி, பக்கத்தில் நிற்பவனுக்கு ஏன் கழுத்துவரை இரும்பு மாட்டிவிடுகிறது?

இன்னொரு சாக்கு தொழில்நுட்பம். இதில் பாதி உண்மை உண்டு. தளர்வான துணியை அசைய வைப்பது பெரிய தலைவலி. ஓடும்போது பாவாடைக்குள்ளிருந்து முழங்கால் துருத்திக்கொண்டு வரும். உடலோடு ஒட்டிய உடைக்கு அந்தத் தொல்லை குறைவு, செலவும் குறைவு. ஆனால் அதே குழு ஆண் பாத்திரத்துக்கு நீண்ட கோட்டும் மேலங்கியும் கேட்டால் முகம் சுளிக்காமல் செய்துதரும்!

கதையில் காரணம் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2015இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5இல் குவயட் என்ற துப்பாக்கி வீராங்கனை பிகினி மேலாடையோடு போர்க்களத்தில் நிற்பாள். தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறாள் என்பது கதை. அதே தொடரின் 2004 விளையாட்டில் தி எண்ட் என்றொரு கிழவர். அவரும் மறைந்திருந்து சுடுபவர், செடியைப் போல வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்பவர். அவரோ உருமறைப்பு உடையை முழுக்கப் போர்த்திக்கொண்டு காட்டில் படுத்திருப்பார்.

இதற்காக எல்லோருக்கும் முழுக்கை போட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பேயொனெட்டா என்ற விளையாட்டின் நாயகியை வடிவமைத்த மாரி ஷிமசாகி ஒரு பெண். அந்த நாயகியின் உடையே அவளுடைய கூந்தல்தான். பெரிய தாக்குதலுக்குக் கூந்தலை ஏவும்போது உடல் தெரியும். அவளைக் கொண்டாடும் பெண்களும் இருக்கிறார்கள், அந்த கேமரா கோணங்களைப் பார்த்து எரிச்சலடைபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு உடை பிடிக்கும், கேமரா பிடிக்காது. 2020இல் வந்த ஹேடீஸ் விளையாட்டில் ஆண் தெய்வம், பெண் தெய்வம் எல்லோரையும் ஒரே கண்ணால் ரசித்து வரைந்திருக்கிறார்கள். அது உறுத்துவதில்லை.

நிற்கும் தோரணையும் இதில் அடங்கும். ஓவர்வாட்ச் விளையாட்டு 2016இல் வெளியாகும் முன்பே, அதில் வரும் டிரேசர் என்ற பெண் பாத்திரம் பின்புறத்தைக் காட்டித் திரும்பிப் பார்க்கும் வெற்றித் தோரணை ஒன்று விவாதத்துக்குள்ளாகி மாற்றப்பட்டது. உடையில் ஒரு நூல்கூட மாறவில்லை.

நான் செய்து பார்க்கும் சோதனை எளிது. அதே உடைக் குறிப்பையும் தோரணையையும் வைத்து ஓர் ஆண் பாத்திரத்தைக் கிறுக்கிப் பார்ப்பேன். அறையில் சிரிப்பு வந்தால், அந்த உடை பாத்திரத்துக்காகத் தைத்ததில்லை. இதைப் பென்சில் ஓவியக் கட்டத்திலேயே, விளையாடும் பெண்கள் சிலரையும் உட்கார வைத்துச் செய்துவிட வேண்டும். முப்பரிமாண மாடலும், அதை அசைய வைக்கும் ரிக்கிங்கும் முடிந்தபிறகு கழுத்துப்பட்டையை மாற்றச் சொன்னால்கூட அட்டவணையைக் காட்டி மறுத்துவிடுவார்கள். அப்புறம் மிஞ்சுவது கூடுதல் உடைகளைக் கொடுத்து விளையாடுபவரே தேர்ந்தெடுக்க விடுவது மட்டும்தான்.