‘மாலிஸ் அஃபோர்தாட்’: பகையும் வேண்டாம், திட்டமும் வேண்டாம்

நம் நாளிதழ்களின் கொலைச் செய்திகளில் ‘முன்விரோதம் காரணமாக’ என்ற தொடர் அடிக்கடி வரும். அதைப் படித்துப் பழகியவர்களுக்கு, ஆங்கிலேயச் சட்டத்தில் கொலையின் அடையாளமாகச் சொல்லப்படும் ‘மாலிஸ் அஃபோர்தாட்’ என்பதும் முன்விரோதம்தான் என்று தோன்றும். அகராதியும் அதற்குத் துணைபோகும்: மாலிஸ் என்றால் வன்மம், அஃபோர்தாட் என்றால் முன்கூட்டியே நினைத்தது. ஆனால் நீதிமன்றத்தில் இந்தச் சொல்லுக்கு வன்மமும் தேவையில்லை, முன்யோசனையும் தேவையில்லை.

‘கெட்ட’ என்ற பொருள் தரும் ‘மாலுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து ‘மாலிட்டியா’ வந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘மாலிஸ்’ ஆனது. கொலையைக் குறிக்கும் ‘மர்டர்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நார்மன் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடந்து, கொன்றவனை ஊரார் பிடித்துக் கொடுக்காவிட்டால் அந்த வட்டாரம் முழுவதும் தண்டம் கட்ட வேண்டும். அதற்கு ‘மர்ட்ரம்’ என்று பெயர். செத்தவன் ஆங்கிலேயன்தான் என்று நிரூபித்தால் தண்டம் இல்லை. ஆளும் இனத்தைக் காக்க வந்த இந்த ஏற்பாடு 1340இல் ஒழிக்கப்பட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

1390இல் ஒரு சட்டம், மன்னரின் மன்னிப்பு எளிதில் கிடைக்கக் கூடாத கொலைகளைத் தனியே பிரித்தது. பதுங்கியிருந்து கொல்வதும், முன்பே கொண்ட தீய எண்ணத்தோடு கொல்வதும் அவற்றில் அடங்கும். அப்போது அந்தச் சொற்களுக்கு அகராதிப் பொருளே இருந்திருக்க வேண்டும். ஆங்கிலேய நீதிபதி எட்வர்ட் கோக் கொலைக்குத் தந்த வரையறை 1644இல் அச்சாவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அதன்படி, தெளிந்த அறிவும் தகுந்த வயதும் உடையவர் சட்ட விரோதமாக ஒருவரை மாலிஸோடு கொன்றால் அது கொலை. காயம்பட்டவர் ஒரு வருடமும் ஒரு நாளும் ஆவதற்குள் இறந்திருக்க வேண்டும். கோக் கூடவே சொன்னது கவனிக்க வேண்டியது: அந்த மாலிஸ் கொன்றவரே வெளிப்படுத்தியதாக இருக்கலாம், அல்லது சட்டம் ஊகித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். மனதில் இல்லாத வன்மத்தையும் இருப்பதாகச் சட்டம் வைத்துக்கொள்ளலாம் என்றால், அப்புறம் அந்தச் சொல்லில் வன்மம் எங்கே மிஞ்சும்?

இன்றைய இங்கிலாந்தில் அதன் பொருள் சுருக்கமானது. கொல்லும் நோக்கம் இருக்க வேண்டும், அல்லது கடுமையான உடற்காயம் விளைவிக்கும் நோக்கமாவது இருக்க வேண்டும். (ஒரு வருடம் ஒரு நாள் கணக்கு 1996இல் நீங்கிவிட்டது.) தீராத வலியில் துடிக்கும் மனைவியைப் பார்க்கப் பொறுக்காமல் கணவன் அவள் முகத்தில் தலையணையை அழுத்திக் கொன்றாலும், அன்பினால் செய்தேன் என்பது கொலைக் குற்றத்துக்கு மறுப்பாகாது. கண நேரத்தில் தோன்றிய எண்ணமும் போதும். நாள் குறித்துத் திட்டம் போட்டிருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் பழைய சொல்லை இன்றும் சட்டத்தில் வைத்திருக்கிறது. அங்கே ஊகிக்கப்படும் மாலிஸ் இன்னும் தூரம் போகும். 1981இல் வாட்சன் வழக்கில், குடித்துவிட்டு வெறித்தனமாக வண்டி ஓட்டி உயிர்ப்பலி வாங்கியவர் மீது கொலைக் குற்றமே சாட்டலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செத்தவர் யாரென்றே ஓட்டியவருக்குத் தெரிந்திருக்காது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டால் அதுவே மாலிஸ்.

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. கொலையை வரையறுத்த 300ஆம் பிரிவில் மாலிஸ் என்ற சொல்லே கிடையாது. என்ன நோக்கம், என்ன தெரிந்திருந்தது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். கூட்டத்தை நோக்கி ஒருவன் காரணமின்றிப் பீரங்கியால் சுட்டு, அதில் ஒருவர் இறந்தால், குறிப்பிட்ட ஆளைக் கொல்லத் திட்டமிடாவிட்டாலும் அது கொலைதான் என்ற எடுத்துக்காட்டும் அங்கே உண்டு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவும் இதே வழிதான். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் இந்த அச்சில் வார்த்ததே. அங்கே கொலைக்கு 294ஆம் பிரிவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? முன்விரோதம் பொருந்தாது, அது கொலைக்கான காரணத்தைச் சொல்லும் சொல். காரணம் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும், ஆனால் குற்றத்தின் உறுப்பு ஆகாது. ‘உள்நோக்கம்’ என்பதும் வேறு; அதிகாரி ஒருவர் பழிவாங்க உத்தரவு போட்டார் என்று வழக்காடும்போது அது சரியாக இருக்கும். ‘கொலை நோக்கம்’ நெருங்கி வருகிறது, ஆனால் பலத்த காயம் மட்டும் கருதியவனும் குடித்துவிட்டு ஓட்டியவனும் அதற்கு வெளியே நின்றுவிடுவார்கள். ‘கொலைக்குரிய மனநிலை’ என்பதே என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. கோக் பிரித்த இரண்டையும் ‘வெளிப்பட்ட’, ‘ஊகிக்கப்பட்ட’ என்ற அடைகளைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். வன்மம் என்ற நல்ல சொல்லை அவதூறு வழக்குகளுக்கு வைத்துக்கொள்வோம். மாலிஸ் அங்கேதான் பெரும்பாலும் அதன் பழைய பொருளில் வருகிறது.