வைக்கோலுக்கு அடியில் உயிர்த்தெழுந்த சதுப்பு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ரிவியேர்-து-லூ ஊருக்குப் பக்கத்தில் புவா-தே-பெல் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. 1970களில் அங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுப் பீட் எடுத்தார்கள். பீட் என்பது நீருக்குள் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த தாவர எச்சம். தோட்டத் தொட்டிகளுக்கு அதை நிரப்புவார்கள். (பொள்ளாச்சியிலிருந்து ஏற்றுமதியாகும் தென்னை நார்க்கழிவு இந்தப் பீட்டுக்கு மாற்றாகத்தான் போகிறது.) 1980இல் வேலை நின்றது. அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சும்மா கிடந்தும், பீட்டை உருவாக்கும் ஸ்பாக்னம் பாசி அங்கே திரும்பி வரவில்லை.

கீழே ஈரம் இருந்தது, பாசிக்குத்தான் எட்டவில்லை. ஸ்பாக்னத்துக்கு வேர் கிடையாது, நீரை இழுத்துக் குடிக்கவும் தெரியாது. மழையாக விழுவதையும் தானாக மேலேறி வருவதையும்தான் ஏந்திக்கொள்ளும். மேலடுக்கைச் சுரண்டியபின் மிஞ்சிய பழைய பீட்டோ இறுகிப்போனது. அதன் நுண்துளைகள் நீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, ஊசி ஊசியாக உறையும் பனி மேல்மண்ணைத் தூக்கி, முளைத்ததையும் பிடுங்கிப் போடும்.

லவால் பல்கலைக்கழகத்தின் லீன் ரோஷ்ஃபோர் குழு 1999இல் இங்கே மீட்பு வேலையைத் தொடங்கியது. வாய்க்கால்களை அடைத்தார்கள். கெடாத சதுப்பு ஒன்றின் மேற்பரப்பைச் சுமார் 10 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் சீவி, அந்தப் பாசித் துண்டுகளைத் தூவினார்கள். துண்டுதுண்டானாலும் தளிர்க்கும் உயிர் அந்த மேல்பகுதியில்தான் அதிகம். ஒரு பங்கு நிலத்துப் பாசி சுமார் பத்துப் பங்கு நிலத்துக்குக் காணும். மேலே ஹெக்டேருக்கு 3 டன் கணக்கில் வைக்கோல் மூடாக்கு. கூடவே கொஞ்சம் பாஸ்பேட் உரம். அது முக்கியமாகப் பாலிட்ரிக்கம் என்ற இன்னொரு பாசிக்கு: அது முந்தி வளர்ந்து, பனி தூக்காதபடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

சில ஆண்டுகளில் நிலம் பச்சைப்பசேலென்று ஆனது. ஆனால் பத்தாண்டு கழித்து நீரோட்டத்தை ஆராய்ந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. புதுப் பாசியின் துளைகள் பெரியவை, பழைய பீட்டின் துளைகள் சிறியவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் மேலேறத் தடுமாறியது. புதுப் பாசி அடியில் மக்கி இறுகி, தடித்தால்தான் அது சரியாகும். இந்தக் காத்திருப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கண்ணுக்குப் பசுமை வந்ததுமே அளப்பதை நிறுத்தியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மீட்பு தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கார்பன் கணக்கைப் போட்டார்கள். வெளியேறும் மீத்தேனையும் நீரில் கரைந்து போகும் கார்பனையும் கழித்த பிறகும், அந்த நிலம் கார்பனைச் சேமித்துக்கொண்டிருந்தது.