கயோட்டி வந்தால் செந்நரி எங்கே போகும்?

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் கிராமப்புறத் தபால்காரர்கள் கடிதம் கொடுப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறார்கள். வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்கள், வழியில் எத்தனை செந்நரி, எத்தனை கயோட்டி கண்ணில் பட்டன என்று குறித்துத் தருகிறார்கள். மாநில வனவிலங்குத் துறை அதைச் சேர்த்து வைக்கிறது. மண்சாலைகளில் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார் இருக்கிறார்கள்?

இப்படிப் பல வழிகளில் சேர்ந்த கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இந்த இரண்டு விலங்குகளும் சேர்ந்து பெருகுவதில்லை. ஒன்று ஏறும் காலத்தில் மற்றது இறங்குகிறது.

செந்நரியின் எடை 3 முதல் 7 கிலோ வரை இருக்கும். கயோட்டி வட அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய நாய்க்குடும்ப விலங்கு, 9 முதல் 20 கிலோ வரை எடை. நம் ஊர் நரியை நினைத்துக்கொண்டு, அதைவிடச் சற்று உயரமாக, காதுகள் பெரிதாக இருப்பதாகக் கற்பனை செய்தால் போதும். இரண்டின் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான்: எலி, முயல், பறவை, முட்டை, பழம், செத்துக் கிடக்கும் கால்நடை. எல்லாப் பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரை நிறைய இருந்தால் வேட்டை விலங்கு பெருகும், இரை குறைந்தால் குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். தவறில்லை. முயல் பெருத்த ஆண்டுகளில் கயோட்டி அதிகக் குட்டி போடும். ஆனால் டகோட்டா செந்நரிகளின் ஏற்ற இறக்கத்தை இரையை மட்டும் வைத்து விளக்க முடியாது. அதற்கு அந்த நிலத்தின் நூற்றைம்பது வருடக் கதையைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரக் குடியேறிகள் வருவதற்கு முன் அந்தப் புல்வெளிகளில் ஓநாயும் கயோட்டியும்தான் ராஜ்யம் நடத்தின. செந்நரி அபூர்வம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பைசன் காட்டெருமைகள் லட்சக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டன. கால்நடைக்காரர்கள் விஷமும் பொறியும் வைத்து ஓநாய்களை ஒழித்தார்கள். ஓநாய் போனதும் அந்த இடத்தைக் கயோட்டி எடுத்துக்கொண்டது. அதற்கும் ஆட்டுக்குட்டி பிடிக்குமே! அடுத்த குறி கயோட்டியாயிற்று. 1940களில் இருந்து 1080 என்று எண்ணால் அழைக்கப்பட்ட கொடிய விஷமும் வந்து சேர்ந்தது. கயோட்டி ஒடுங்க ஒடுங்க, அதுவரை அபூர்வமாக இருந்த செந்நரி டகோட்டா முழுக்கப் பெருகியது.

1972இல் அதிபர் நிக்சன், அரசு நிலங்களில் வேட்டை விலங்குகளுக்கு விஷம் வைப்பதைத் தடை செய்து ஆணையிட்டார். அதன் பிறகும் சில காலம் கயோட்டிக்கு நிம்மதி இல்லை. 1970களின் கடைசியில் மென்மயிர்த் தோலுக்கு நல்ல விலை கிடைத்ததால் ஊருக்கு ஊர் பொறி வைத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அந்தச் சந்தை படுத்துவிட்டது. தோலுக்கு விலையில்லை என்றால் குளிரில் பொறி வைக்க யார் போவார்? கயோட்டி திரும்பி வந்தது, செந்நரி குறைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொறிகளில் நரிகளும்தான் மாட்டிக்கொண்டிருந்தன. தோல்விலை சரிந்தது நரிக்கு நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு.

சரி, கயோட்டி வந்தால் நரி ஏன் குறைய வேண்டும்? கயோட்டி நரியைக் கொல்லும் என்பது உண்மைதான். பல சமயம் கொன்றுவிட்டுத் தின்னாமலே போகும். பசிக்காகச் செய்யும் வேலை இல்லை இது, போட்டியாளனை ஒழிக்கும் வேலை. கலிஃபோர்னியாவின் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில் கிட் நரி என்ற சின்ன இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. அந்த நரிகளின் சாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கயோட்டி.

ஆனால் கொலை கதையின் ஒரு பகுதி மட்டுமே. ஆலன் சார்ஜன்ட் என்ற ஆய்வாளர் வட டகோட்டாவின் ஜேம்ஸ்டவுனில் உள்ள புல்வெளி வனவிலங்கு ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் இரண்டு இனங்களுக்கும் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிவிட்டு, எது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். 1987இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு கயோட்டிக் குடும்பத்தின் எல்லை சராசரியாக 60 சதுர கிலோமீட்டர் அளவு. ஒரு நரிக் குடும்பத்துக்கோ 12 சதுர கிலோமீட்டர்தான். நரிக் குடும்பங்கள் பெரும்பாலும் கயோட்டி எல்லைகளின் ஓரத்தில் அல்லது இரண்டு எல்லைகளுக்கு நடுவில் விட்டுப்போன இடங்களில் இருந்தன. கயோட்டியின் வாடை அடித்தால் நரி அங்கே வளை தோண்டிக் குட்டி போடத் தயங்குகிறது. தாயை விட்டுப் பிரிந்து புது இடம் தேடிப் போகும் இளம் நரியும் அங்கே தங்காமல் கடந்து போய்விடுகிறது. இருக்கிற நரி வயதாகிச் சாகும், அந்த இடத்துக்கு வேறு நரி வராது. அடிதடி எதுவும் யார் கண்ணிலும் படாமல் சில வருடங்களில் ஒரு வட்டாரமே காலியாகிவிடும். கயோட்டிகள் குறைவாக இருக்கும்போது இந்த இடைவெளிகள் நிறைய இருக்கும். அவை பெருகி எல்லைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்ததும் நரிக்கு நிற்க இடமில்லை.

இந்த ஓர வாழ்க்கைக்கு இல்லினாய் மாநிலத்தில் இன்னொரு வடிவம் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் சோளமும் சோயாவும் விளையும் பூமி அது. அங்கே நரிகள் பண்ணை வீடுகளை ஒட்டி வாழ்கின்றன. மனிதனும் நாயும் இருக்கும் இடம் நரிக்கு ஆபத்துதான், ஆனால் கயோட்டி அங்கே வரத் தயங்கும். இரண்டு ஆபத்தில் சின்னதை நரி தேர்ந்தெடுக்கிறது. அதே மாநிலத்தில் நரிகளின் சாவுக் காரணங்களை ஆராய்ந்தபோது, வயல்வெளி நரிகளைப் பெரும்பாலும் கயோட்டி கொன்றிருந்தது. நகரத்து நரிகளைக் கொன்றது சொறிநோய்.

சொறிநோயைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் துளைத்துக் குடியேறும். ரோமம் உதிரும், தோல் தடித்து வெடிக்கும், வட அமெரிக்கக் குளிரில் ரோமமில்லாத நரி வெகுநாள் தாங்காது. நரிகள் நெருக்கமாக வாழும் இடத்தில் இது வேகமாகப் பரவும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்கு 1994இல் இந்த நோய் வந்தது. நகர நரிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செத்துப்போயின. டகோட்டா பக்கமும் 1990களில் கயோட்டியோடு சொறிநோயும் சேர்ந்துகொண்டது. அதனால் ஓர் ஊரில் நரி குறைந்தவுடன் பழியைக் கயோட்டி தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை.

இனி ஓநாய்க்கு வருவோம். தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். பெரிய வேட்டை விலங்கு போனதும் நடுத்தர விலங்குக்கு நடப்பது அதுதான். உயிரியலாளர் மைக்கேல் சூலே சான் டியாகோ நகரத்துப் பள்ளத்தாக்குகளை ஆராய்ந்து 1988இல் இதை எழுதினார். அங்கே தட்டிக்கேட்கும் இடத்தில் இருந்தது கயோட்டி. அது இல்லாத பள்ளத்தாக்குகளில் பூனையும் நரியும் ஆட்டம் போட்டன, புதர்ப் பறவைகள் குறைந்தன. ஓநாய் இருக்கும் ஊரிலோ கயோட்டியே அடங்கிப் போக வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995இலும் 1996இலும் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபோது, லமார் பள்ளத்தாக்கில் கயோட்டிகள் சில வருடங்களில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டன.

ஓநாய் கயோட்டியைக் கொல்கிறது, கயோட்டி நரியைக் கொல்கிறது. அப்படியானால் ஓநாய் நரியை இன்னும் சுலபமாகக் கொல்லுமே? கொல்ல முடியும். ஆனால் ஓநாய்க்கு நரி ஒரு பொருட்டே இல்லை. மான், எருமை என்று வேட்டையாடும் விலங்குக்கு எலி பிடிக்கும் ஒரு சின்ன நரி போட்டியாளனே அல்ல. ஓநாய் தின்று மிச்சம் வைத்த மாமிசம் நரிக்கு லாபமும்கூட. உடல் அளவும் சாப்பாடும் நெருங்கி இருக்கும் இடத்தில்தான் பகை முற்றுகிறது.

ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நியூசம், வில்லியம் ரிப்பிள் இருவரும் வட அமெரிக்கக் கண்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது பழைய தோல் கொள்முதல் கணக்குகள். ஓநாய் இல்லாத பகுதிகளில் ஒரு நரிக்கு மூன்று கயோட்டி என்ற விகிதம். ஓநாய் இருக்கும் பகுதிகளில் ஒரு கயோட்டிக்கு நான்கு நரி. கனடாவின் சஸ்காட்சவான், மனிடோபா மாகாணங்களில் இந்த மாற்றம் சுமார் 200 கிலோமீட்டர் அகலப் பட்டையில் நடக்கிறது. வடக்கே ஓநாய்க் காடு, தெற்கே கோதுமை வயல். வடக்கிலிருந்து தெற்கே வரவர நரி குறைந்து கயோட்டி கூடுகிறது.

தோல் கணக்கை நம்பலாமா என்று கேட்டால், நேரடியாக நம்பக் கூடாது. விலை ஏறினால் பொறி வைப்பவர்கள் கூடுவார்கள், காட்டில் விலங்கு குறைந்தாலும் கணக்கில் தோல் கூடும். இரண்டு இனங்களுக்கு இடையிலான விகிதத்தைப் பார்த்தால் இந்தக் கோளாறு ஓரளவு மட்டுப்படும். இதற்காகத்தான் மாநிலங்கள் வேறு வழிகளையும் வைத்திருக்கின்றன. மினசோட்டாவில் 1975 முதல் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. சாலையோரத்தில் சலித்த மண்ணை வட்டமாகப் பரப்பி, நடுவில் வாடை ஏற்றிய ஒரு வில்லையை வைத்துவிட்டு, மறுநாள் வந்து காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். அயோவாவில் 2004 முதல் வில் வேட்டைக்காரர்களையே பயன்படுத்துகிறார்கள். மான் வருமா என்று மரத்தின் மேல் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள், என்னென்ன பார்த்தார்கள் என்று எழுதித் தருவார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், காசு செலவில்லை. எந்த முறையிலும் விலங்குகளின் முழு எண்ணிக்கை கிடைக்காது. ஒரே முறையில் வருடாவருடம் செய்தால் ஏறுமுகமா இறங்குமுகமா என்பது தெரியும், அதுதான் தேவை.

இதே நாடகம் ஐரோப்பாவில் நம் ஊர் நரியை வைத்து நடக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊளையிடும் அதே பொன்னிற நரி இனம், ஓநாய்கள் குறைந்துபோன பால்கன் பகுதியிலிருந்து வடக்கே பரவி, 2013இல் எஸ்டோனியாவிலும் 2015இல் டென்மார்க்கிலும் பதிவாயிற்று.

கயோட்டியைச் சுட்டுத் தள்ளினால் தீர்ந்துவிடுமா? அமெரிக்க அரசின் வனவிலங்குப் பிரிவு ஆண்டுக்குப் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொல்கிறது. பயன் குறைவு என்பதே என் கருத்து, காரணம் அதன் குடும்ப அமைப்பிலேயே இருக்கிறது. ஓர் எல்லைக்குள் பொதுவாகத் தலைமை ஜோடி மட்டுமே குட்டி போடும். அந்த ஜோடியைக் கொன்றால் மற்றவை இணை சேரத் தொடங்கும், வெளியிலிருந்தும் புதியவை வரும். எண்ணிக்கை குறைந்து இரை தாராளமாகும்போது ஒரு ஈற்றில் குட்டிகளும் கூடும். கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 1975இல் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கயோட்டிகளைக் கொன்றுகொண்டே இருந்தாலும், இனத்தை ஒழிக்க 50 வருடத்துக்கு மேலாகும்! விஷக் காலத்தில் டகோட்டாவில் கயோட்டி ஒடுங்கியது என்றால் கொலை எவ்வளவு தீவிரமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் நடுவே கயோட்டி தன் பழைய மேற்கத்தியப் புல்வெளிகளை விட்டுக் கிளம்பி, ஓநாய் இல்லாத கிழக்கு முழுக்கப் பரவியது. இன்று அது இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் ஹவாய்.

இந்த ஏற்ற இறக்கத்தால் யாருக்கு என்ன? டகோட்டாவில் உடனே வரும் பதில், வாத்து. பனியாறுகள் விட்டுப்போன லட்சக்கணக்கான குட்டைகள் உள்ள பகுதி அது. கண்டத்தின் வாத்துகளில் பெரும்பங்கு அங்கேதான் முட்டையிடுகிறது. வாத்து தரையில் கூடு கட்டும். செந்நரி சிறிய எல்லையை இண்டு இடுக்கு விடாமல் அலசும், முட்டைகளைப் பிற்பாட்டுக்கு என்று புதைத்து வைக்கும், அடைகாக்கும் தாயையும் பிடிக்கும். நரிகள் செழித்திருந்த காலத்தில் வட அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் வளர்ந்த வாத்துகள் நரிக்கு இரையாவதாக 1984இல் சார்ஜன்ட் குழு மதிப்பிட்டது. கயோட்டிக்கும் முட்டை பிடிக்கும். ஆனால் அவ்வளவு பெரிய எல்லையில் ஒரே ஒரு குடும்பம்தானே இருக்கிறது! 1990 முதல் 1992 வரை மார்ஷா சோவாடா தலைமையில் நடந்த ஆய்வில், நரி மிகுந்த இடங்களில் நூற்றுக்கு 17 கூடுகளும், கயோட்டி மிகுந்த இடங்களில் 32 கூடுகளும் குஞ்சு பொரித்தன. வாத்து எண்ணிக்கை குறையாமல் நிற்க 15 முதல் 20 வரை தேவை என்பதால், இந்த வித்தியாசம் சின்னதல்ல.

உண்ணியால் பரவும் லைம் நோயையும் சிலர் இதோடு இணைக்கிறார்கள். டால் லெவி குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நோய் மான் பெருகியதைவிட, கயோட்டி கூடிச் செந்நரி குறைந்ததோடு அதிகம் பொருந்தி வந்தது. எலிகளை அதிகம் பிடிப்பது நரி, அந்த நோய்க்கிருமி தங்குமிடம் எலி என்பது அவர்கள் வாதம். பொருந்தி வருவதையே காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாதுதான்.

ஆக டகோட்டாவில் ஆடு வளர்ப்பவருக்குக் கயோட்டி ஆகாது. வாத்துகளைப் பாதுகாக்கப் பாடுபடுகிறவருக்குச் செந்நரி ஆகாது. இருவர் நிலமும் பல இடங்களில் ஒரே முள்வேலியின் இரண்டு பக்கம். ஆட்டுக்காரர் தன் பக்கம் கயோட்டியைச் சுட்டால், பக்கத்து நிலத்து வாத்துக் கூட்டுக்கு நரி வருகிறது.