‘பின்கதவுக் கிருமி’யா, கள்ளவாசல் புழுவா?

‘பின்கதவுக் கிருமி உங்கள் தனிநபர் கணினியைத் தாக்கலாம்’ என்ற எச்சரிக்கை மறுபடியும் கண்ணில் பட்டது. ‘பேக்டோர் வார்ம்’ என்பதைத்தான் யாரோ இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இரண்டு சொல்லில் இரண்டுமே கோணல். பிழைதானே என்று விட முடியவில்லை. படிப்பவர் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையே இது மாற்றிவிடுகிறது.

வார்ம் என்றால் புழு. 1975இல் ஜான் பிரன்னர் தம் அறிவியல் புனைகதை ஒன்றில், வலையமைப்பில் தானே பரவும் நிரலுக்கு நாடாப்புழு என்று பெயர் வைத்தார். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஜான் ஷாக், ஜான் ஹப் இருவரும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 1982இல் கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய புழுக்கள் பயனுள்ள வேலை செய்யப் பிறந்தவை. 1988 நவம்பரில் மோரிஸ் புழு இணையத்தைத் திணறடித்ததும் அந்தச் சொல்லே கெட்டுப்போனது. பேக்டோர் என்பது கடவுச்சொல், அனுமதி எதுவும் கேட்காமல் உள்ளே விடும் வழி. வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது கிருமிக்கு வருவோம். வடமொழியில் கிருமி என்றாலே புழுதான், ஆகவே பொருள் சரிதானே என்று அகராதியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. சரி, வடமொழியில் சரி. தமிழில் இன்று கிருமி என்றால் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி; கணினிப் பேச்சில் அது வைரஸுக்கு என்றே போய்விட்டது. வைரஸ் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அந்தக் கோப்பை யாராவது இயக்கும்வரை காத்திருக்கும். புழு அப்படி ஒட்டிக்கொள்ள இன்னொரு கோப்பைத் தேடுவதில்லை. தனியாகவே ஓடும், தன்னைத்தானே நகலெடுத்து அடுத்த கணினிக்கு ஊரும். ‘ஊரும்’ என்ற வினையே புழுவுக்கு உரியது. கிருமி தமிழில் ஊராது, தொற்றும்.

2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் என்ற புழுவைப் பாருங்கள். மின்னஞ்சல் இல்லை, இணைப்புக் கோப்பு இல்லை, எதையும் சொடுக்கவும் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் (பேட்ச்) போடாத விண்டோஸ் எக்ஸ்பி கணினி இணையத்தில் இருந்தாலே போதும். 135ஆம் எண் வாயில் (போர்ட், வலையமைப்பிலிருந்து கணினிக்குள் தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வழி) வழியாக நுழையும், 4444இல் ஒரு கட்டளைச் சாளரத்தைத் திறந்துகொண்டு அதன் வழியே தன் கோப்பை உள்ளே இறக்கும். திரையில் 60 நொடி என்று ஓர் எண் தோன்றி இறங்கத் தொடங்கும்; பூச்சியம் வந்ததும் கணினி மறுபடி துவங்கும். ‘தெரியாத கோப்பைத் திறக்காதீர்கள்’ என்ற கிருமிக் கால அறிவுரையை அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர் கணினியும் இதில் தப்பவில்லை. கிருமி என்று எழுதுபவர் அந்தப் பழைய அறிவுரையையும் சேர்த்தே நீட்டுகிறார் என்பதுதான் என் சண்டை.

அடுத்தது பின்கதவு. வீட்டுப் பின்கதவு வீட்டுக்காரருக்குத் தெரிந்த கதவு. அதைப் போட்டவரும் அவர், பூட்டுபவரும் அவர். அந்தச் சொல்லில் களவு எங்கே இருக்கிறது? ‘கொல்லைப்புற வழி’ என்பதில் களவு இருக்கிறது, ஆனால் அது பதவி பிடிப்பவர்களுக்கு என்று ஆகிவிட்டது. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘சுருங்கை’ என்கிறார்கள். சிலப்பதிகாரத்திலேயே இருக்கும் அழகான சொல், கரந்து போகும் நிலவழி. ஆனால் எச்சரிக்கைப் பலகையில் எழுதும் சொல்லுக்கு அடியில் உரை எழுத முடியாது. ‘திட்டிவாசல்’ என்றவரும் உண்டு. கோட்டைக் கதவுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கதவு எல்லோருக்கும் தெரிந்தது, காவலும் உள்ளது. அதுவும் பொருந்தாது.

என் ஓட்டு கள்ளவாசலுக்கு. கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ளத்தோணி என்று புழங்குகிற வாய்க்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். ‘கள்ளவாசல் புழு’ என்றதும் இரண்டு ஆபத்தும் தெரிந்துவிடும்: தானே ஊர்ந்து வரும், வந்த இடத்தில் வழி வெட்டி வைக்கும். இரண்டாவதுதான் மோசம். 2004 ஜனவரியில் மின்னஞ்சலில் பரவிய மைடூம் என்ற புழு 3127ஆம் வாயிலைத் திறந்து வைத்தது. அடுத்த மாதமே டூம்ஜூஸ் என்ற வேறொரு புழு, மின்னஞ்சல் வேலையெல்லாம் இல்லாமல், அந்த வாசல் திறந்திருந்த கணினிகளாகத் தேடிப்போய்ப் புகுந்தது. ஒருவர் வெட்டிய வாசல் அடுத்தவருக்கும் ஆகும். புழுவைக் கொன்றுவிட்டு வாசலை அப்படியே விட்டால் வேலை பாதிதான் முடிந்தது. ‘கிருமி நீக்கப்பட்டது’ என்று படிப்பவருக்கு இது எப்படித் தோன்றும்?

வாயில் என்று மேலே எழுதியதற்கும் காரணம் உண்டு. போர்ட் என்பதைத் ‘துறைமுகம்’ என்று பெயர்க்கும் கொடுமை இயந்திர மொழிபெயர்ப்போடு பெருகிவிட்டது. ‘445ஆம் துறைமுகத்தை மூடவும்’ என்று ஒரு வழிகாட்டியில் படித்தேன். எந்தக் கப்பலுக்கு என்று தெரியவில்லை. லத்தீனில் போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டுஸ் என்றால் துறைமுகம். ஆங்கில அகராதியில் இரண்டும் ‘போர்ட்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் கிடந்தால், முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 2017 மே மாதம் வானாகிரை என்ற புழு புகுந்தது அந்த 445 வழியாகத்தான், அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும். மூட வேண்டியது வாயில், போட வேண்டியது திருத்தம் என்று அந்த வழிகாட்டியில் இரண்டு வரி நேராக எழுதியிருக்கலாம்.